மதிலுக்கு வெளியேயும் கோயில்தான்!

திருவண்ணாமலைக் கோயில் எவ்வளவு பெருசு?

கேள்வி சிம்பிள்தான். பதில்தான் ஆளுக்கு ஆள் மாறும். கைடு புத்தகத்தைப் புரட்டினா 'சுமார் 25 ஏக்கர்'னு இருக்கும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வந்து போற மாமாக்களைக் கேட்டா '14 கிலோமீட்டர்' என்பார்கள். கிரிவலப் பாதையோட கணக்கு அது. ராஜகோபுர வாசலில் பூ விக்கிற அக்காவைக் கேட்டோம். கையை நேரா மேலே தூக்கி மலையைக் காட்டினாங்க. "அதோ நிக்குது பாரு தம்பி, அதான் சாமி. உள்ளே இருக்கிறது நாம கிட்டப் போய்க் கும்பிடுறதுக்கு!"

25 ஏக்கரா, 14 கிலோமீட்டரா, இல்லை அந்த மொத்த மலையா? எதுக்கு இந்த ஆராய்ச்சின்னு கேக்குறீங்களா? இது வெறும் பக்தி சமாச்சாரம் இல்லை பாஸ். உயிர் சமாச்சாரம். அது எப்படின்னு வர்றேன். முதல்ல செருப்பைக் கழட்டி வெச்சுட்டு உள்ளே வாங்க.

கல்லுல ஒரு கால்குலேஷன்

நாங்க நாலு பேர். எல்லாரும் சிவில் மூணாம் வருஷம். பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும்னு தெரியும். அதனால வேணும்னே பௌர்ணமி இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையாப் பார்த்துக் கிளம்பினோம். கிழக்கு வாசலில் நின்னு அண்ணாந்து பார்த்தா கழுத்து வலிக்குது. ராஜகோபுரம் 217 அடி. 11 நிலை. விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் ஆரம்பிச்சு வெச்சு, தஞ்சை நாயக்கர் செவ்வப்பர் முடிச்சது. 16-ம் நூற்றாண்டு வேலை. 1987-ல் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் முடிஞ்சதால இது தமிழ்நாட்டில் ரெண்டாவது இடத்துக்குப் போச்சு. ஆனா ஸ்ரீரங்கத்துக்கு கான்கிரீட் காலத்து வசதி இருந்துச்சு. இங்கே கல், செங்கல், சுண்ணாம்பு மட்டும்தான்!

அடிப்பாகம் 135 அடிக்கு 98 அடி. கீழே கருங்கல். மேலே போகப் போக செங்கல், சுதை. அதாவது கனமானது கீழே, லேசானது மேலே. ஒவ்வொரு நிலையும் கீழ் நிலையைவிடக் குறுகிக்கிட்டே போகுது. உள்ளே வெற்றிடம். நாம ரெண்டாம் வருஷத்துல மண்டையைப் பிச்சுக்கிட்டுப் படிச்ச அதே லோடு சமாச்சாரம். எந்த யூனிவர்சிட்டி பரீட்சையும் எழுதாத ஸ்தபதிகள் அதைக் கல்லுல போட்டுக் காட்டியிருக்காங்க. அரியர் இல்லாம பாஸாகி நிக்குது!

கோயிலுக்குள்ள மொத்தம் ஒன்பது கோபுரங்கள். அதில் நம்ம கேர்ள்ஸ் கண்டிப்பா தெரிஞ்சுக்க வேண்டியது வடக்குக் கோபுரம். 171 அடி உயரம். கட்டினது ராஜா இல்லை, மந்திரி இல்லை. அம்மணி அம்மாள்னு ஒரு பெண் துறவி. வீடு வீடாப் போய்க் காசு கேட்டு, அதை வெச்சே கட்டி முடிச்சாங்கன்னு ஊர் சொல்லுது. கோபுரத்துக்குப் பேரே அம்மணி அம்மன் கோபுரம்தான். கல்ச்சுரல்ஸுக்கு ஸ்பான்சர் பிடிக்க நாலு கடை ஏறி இறங்கியதுக்கே நாம அலுத்துக்கறோம், யோசிச்சுப் பாருங்க!

சாமியே கொடுக்கிற திதி

இந்தக் கோயிலில் எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை வல்லாள மகாராஜாவோடது. ஹொய்சள அரசர் மூன்றாம் வீர வல்லாளன். டெல்லிப் படைகள் அவரோட தலைநகர் துவாரசமுத்திரத்தைச் சூறையாடின பிறகு, திருவண்ணாமலையையே தலைநகராக்கிக்கிட்டு ஆட்சி பண்ணினார். மதுரை சுல்தான்களோட நடந்த சண்டையில் உயிரை விட்டார். அது 14-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி.

வல்லாளனுக்குப் பிள்ளை இல்லையாம். அதனால சாமியே பிள்ளையா வந்தார்னு ஐதீகம். இதுவரைக்கும் எல்லா ஊர்லயும் கேக்கிற கதைதான். அடுத்து வர்றதுதான் மேட்டர். ஒவ்வொரு வருஷமும் மாசி மாசத்தில் அருணாசலேஸ்வரர் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் புறப்பட்டுப் போறார். எதுக்கு? 'அப்பா' வல்லாளனுக்குத் திதி கொடுக்க! கடவுளே ஆத்தங்கரையில் நின்னு பிள்ளைக் கடனைச் செய்யற விழா. செத்துப் போன ராஜாவுக்கு 600 வருஷம் தாண்டியும் ஒரு மகன் இருக்கான்.

கவனிச்சீங்களா? இந்தச் சாமி மதிலுக்குள்ள உட்கார்ந்தே இருக்கிற சாமி இல்லை. ஊருக்கு வெளியே போய் உறவு கொண்டாடுற சாமி. வருஷத்தில் ரெண்டு தடவை மலையைச் சுத்திக் கிரிவலமும் போறார். அவரே 14 கிலோமீட்டர் நடக்கும்போது, கோயில் 25 ஏக்கர்னு நாம எப்படிச் சொல்றது?

காலேஜ் ஃபீஸும் கரன்ட் கிளாஸும்

ஆயிரங்கால் மண்டபத்தின் ஓரத்தில் கொஞ்சம் படி இறங்கினா பாதாள லிங்கம். சின்ன அறை. 1896-ல் ஒரு ஸ்கூல் பையன் இங்கே வந்து கண்ணை மூடி உட்கார்ந்தான். பூச்சி கடிச்சுத் தொடையெல்லாம் புண்ணாகியும் அவனுக்குத் தெரியலை. சின்னப் பசங்க கல்லை விட்டு எறிஞ்சாங்க. சேஷாத்ரி சுவாமிகள்தான் அவனைப் பாதுகாத்தார். அந்தப் பையன் பேர் வேங்கடராமன். நமக்குத் தெரிஞ்ச பேர் ரமண மகரிஷி.

மகரிஷின்னதும் தாடி வெச்ச தாத்தா போட்டோதானே ஞாபகத்துக்கு வருது? அதைக் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு இதைப் படிங்க. மதுரை. அமெரிக்கன் மிஷன் ஹைஸ்கூல் மாணவன். வயசு 16. இங்கிலீஷ் கிராமர் பாடத்தை மூணு தடவை இம்போசிஷன் எழுதணும். ரெண்டு தடவை எழுதிட்டு, மூணாவதை எழுதப் பிடிக்காம நோட்டைத் தள்ளி வெச்சுட்டு உட்கார்ந்துட்டான். அண்ணன்கிட்ட செம டோஸ். உடனே எழுந்து, ஸ்கூல்ல ஸ்பெஷல் கிளாஸ் இருக்குன்னு சொன்னான். என்ன சப்ஜெக்ட் தெரியுமா? எலெக்ட்ரிசிட்டி! 'போறதுதான் போறே, பெட்டியில இருந்து அஞ்சு ரூபாய் எடுத்துட்டுப் போய் என் காலேஜ் ஃபீஸைக் கட்டிடு' என்றார் அண்ணன்.

பையன் மூணு ரூபாயை மட்டும் எடுத்துக்கிட்டான். ரெண்டு ரூபாயை வெச்சுட்டான். 'உன் காலேஜ் ஃபீஸ் இன்னும் கட்டலை'ன்னு அண்ணனுக்குப் பொறுப்பா சீட்டு எழுதி வெச்சுட்டு ரயில் ஏறினான். வீட்டை விட்டுப் போகும்போதும் கணக்கு சுத்தம். நடுவில் காசு பத்தாம நடந்தான். காதுக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வெச்சான். 1896 செப்டம்பர் 1-ம் தேதி காலையில் திருவண்ணாமலையில் வந்து இறங்கினான். மிச்சமிருந்த காசை அய்யங்குளத்தில் வீசி எறிஞ்சான். அதுக்கப்புறம் 54 வருஷம், 1950 ஏப்ரல் 14-ம் தேதி இரவு கண்ணை மூடும்வரை, இந்த மலையை விட்டு எங்கேயும் போகலை.

அதே பாதாள லிங்க அறையை 1949-ல் புதுப்பிச்சாங்க. திறந்து வெச்சவர் அப்போ இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி!

தண்ணி இருக்கிற இடம்

கோயிலிலிருந்து செங்கம் ரோட்டைப் பிடிச்சு ரெண்டு கிலோமீட்டர் வந்தா ரமணாசிரமம். ஷேர் ஆட்டோ சத்தமும் சுக்குக் காப்பி வாசமும் கேட்டோடு நின்னுடுது. உள்ளே மயில்கள் சர்வ சாதாரணமா நடை போடுது. பழைய ஹாலில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிற வெள்ளைக்காரங்க. லட்சுமிங்கிற பசுவுக்கு, மானுக்கு, காக்காவுக்கு, நாய்க்குன்னு தனித்தனிச் சமாதிகள். சாமர்செட் மாம் 1938-ல் வந்து போயிருக்கார். உலகப் புகழ் போட்டோகிராபர் கார்த்தியே பிரெஸ்ஸோன், ரமணர் மறைந்த அந்த ராத்திரி இந்த ஊரில்தான் இருந்தார்.

ஆசிரமத்தின் பின்வாசல் வழியா மலைப்பாதை ஆரம்பிக்குது. மேலே கந்தாசிரமம். அதுக்குக் கீழே விரூபாட்ச குகை. சாதாரணமா எல்லாரும் இந்த இடங்களை 'ரமணர் தவம் பண்ணின இடங்கள்'னு பார்த்துட்டுப் போவாங்க. நாங்க சிவில் இல்லையா? எங்க கண்ணுக்கு வேற ஒண்ணு தெரிஞ்சுது. அவர் இடம் மாறின வரிசையைப் பாருங்க.

1899-லிருந்து 1916 வரைக்கும் விரூபாட்ச குகை. ஆனா கோடையில் அங்கே தண்ணி கஷ்டம். அதனால வெயில் காலத்தில் பக்கத்தில் இருக்கிற மாமரத்துக் குகைக்குப் போயிடுவார். 1916-ல் கந்தாசிரமம் போனார். அங்கே மலை ஊற்று இருக்கு. 1922-ல் அம்மா அழகம்மாள் இறந்ததும் மலையடிவாரத்தில் சமாதி. ரமணரும் அங்கேயே வந்து தங்கிட்டார். ஒட்டினாப்ல பாலி தீர்த்தம் குளம். அதுதான் இன்னைக்கு இருக்கிற ரமணாசிரமம்.

தவம் பண்ண ஒரு துண்டு கோவணம் போதும். ஆனா தண்ணி வேணும். அந்தத் தண்ணி மலையிலிருந்து வரணும். மழை விழும், மலை குடிக்கும், கொஞ்சம் கொஞ்சமா ஊற்றா விடும், மிச்சம் ஓடையா இறங்கிக் குளத்துக்குப் போகும். கோயிலுக்குள்ள இருக்கிற சிவகங்கைத் தீர்த்தம், பிரம்ம தீர்த்தம், வெளியே அய்யங்குளம், கிரிவலப் பாதை நெடுக வரிசையா வர்ற தீர்த்தங்கள்... எதுவுமே அழகுக்கு வெட்டினது இல்லை. மலை விடுற தண்ணியைப் பிடிக்க ஊர் ஏந்தின கைகள் அதெல்லாம்.

மலை யாருக்குச் சொந்தம்?

இது காபிக்கடையில் எங்களுக்குள்ள வந்த சண்டை. ஒருத்தன் 'கோயிலுக்கு' என்றான். ஒருத்தன் 'ஃபாரஸ்ட் டிபார்ட்மென்ட்டுக்கு' என்றான். விசாரிச்சுப் பார்த்தா இந்தச் சண்டை ரொம்பப் பழசு!

1930-களில் கோயில் தேவஸ்தானத்துக்கும் அன்றைய அரசாங்கத்துக்கும் மலை யாருக்குச் சொந்தம்னு வழக்கு. தேவஸ்தானம் தரப்பில் ஒரு சாட்சி. யார் தெரியுமா? ரமண மகரிஷி! 1938-ல் கமிஷன் வெச்சு அவர்கிட்ட சாட்சியம் வாங்கினாங்க. கோர்ட் கேள்விக்கும் அவர் நம்பினதைத்தான் சொன்னார். இங்கே மலைதான் லிங்கம், சிவன் மலை வடிவத்திலேயே இருக்கார்ங்கிறது அவர் சாட்சியத்தின் சாரம். சொத்து வழக்கில் சொன்னதா இருந்தாலும் அது தத்துவம்.

அப்புறம் 2002. இந்தியத் தொல்லியல் துறை இந்தக் கோயிலைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிச்சது. தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம் மாதிரி பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற துறை அது. நல்ல விஷயம்தானேன்னு தோணும். ஆனா ஊர் கொதிச்சுப் போச்சு. பூஜை என்ன ஆகும், திருவிழா என்ன ஆகும், சுத்தி இருக்கிற வீடு, கடைகளுக்கு என்ன கட்டுப்பாடு வரும்னு பயம். போராட்டம், வழக்குன்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. கடைசியில் தொல்லியல் துறை பின்வாங்கியது. கோயில் அறநிலையத் துறையிடமே தொடர்ந்தது.

ரெண்டு சண்டையையும் சேர்த்துப் பாருங்க. கோயில் யாருக்குச் சொந்தம்னு கேட்டா ஊரே ரோட்டுக்கு வருது. மலை யாருக்குச் சொந்தம்னு கேட்டா கோர்ட்டுக்குப் போறாங்க. சரி, மலைக்கு யார் பொறுப்பு? அந்தக் கேள்விக்கு மட்டும் அவ்வளவா கூட்டம் சேர்றதில்லை.

டிசம்பர் 1

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. மறுநாள் முழுக்கத் திருவண்ணாமலையில் விடாத மழை. டிசம்பர் 1-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின் மேல் விழுந்தது. ஏழு பேர் செத்துப் போனாங்க. அதில் அஞ்சு பேர் குழந்தைகள்.

இந்த இடத்தில் ஜோக் கிடையாது. மேலே இன்னும் பாறை தொங்கிக்கிட்டிருக்க, கீழே மீட்புப் படையினர் மண்ணைத் தோண்டினதை டி.வி.யில் நாம எல்லாரும் பார்த்தோம்.

சரியா 12 நாள் கழிச்சு, டிசம்பர் 13-ம் தேதி கார்த்திகை தீபம். 2,668 அடி உச்சியில் கொப்பரை வெச்சு, மூவாயிரம் கிலோவுக்கும் மேல நெய் ஊத்தி ஏத்துற தீபம். கொப்பரையையும் நெய்யையும் மனுஷங்க தோள்லதான் தூக்கிட்டுப் போகணும். தீபம் ஏத்துற உரிமை தலைமுறை தலைமுறையா பர்வதராஜ குலத்து மீனவர்களுக்கு. அதுக்கு முன்னாடி வழக்கமா தீபத்தன்னிக்கு ஆயிரக்கணக்கான பக்தர்களை மலை ஏற விட்டாங்க. அந்த வருஷம் நிபுணர்கள் மலையில் ஆய்வு பண்ணினாங்க. மண் இளகியிருக்குன்னு பக்தர்களுக்கு அனுமதி இல்லைன்னு அரசு சொல்லிடுச்சு. தீபம் ஏத்தத் தேவையானவங்க மட்டும் மேலே போனாங்க.

சாயங்காலம் ஆறு மணிக்கு தீபம் எரிஞ்சுது. எப்பவும் போல ஊரே கும்பிட்டுது. அதே மலையின் அடிவாரத்தில் ஒரு வீடு இல்லை.

ஒரு குட்டி கிளாஸ்

மலை ஏன் சரியுது? சாபம், கோபம்னு ஆளாளுக்குச் சொல்லுவாங்க. நம்ம சாயில் மெக்கானிக்ஸ் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். ஆர்ட்ஸ் ஃப்ரெண்ட்ஸ் பயப்படாதீங்க, ஃபார்முலா கிடையாது.

பீச்சுக்குப் போய் மணல் வீடு கட்டியிருக்கீங்களா? காஞ்ச மணல்ல சுவர் நிக்காது. கொஞ்சம் ஈரம் இருந்தா ஜம்முனு நிக்கும். அலை வந்து மொத்தமா நனைச்சுட்டா? பொலபொலன்னு சரிஞ்சிடும். மலைச்சரிவும் அதேதான். பாறை மேல மண். மண்ணைக் கீழே இழுக்கிறது அதோட எடை. நழுவாம பிடிச்சு வெக்கிறது உராய்வும் ஒட்டுதலும். பிடிக்கிற சக்தியை இழுக்கிற சக்தியால வகுத்தா வர்ற நம்பர்தான் 'ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி'. அது 1-க்கு மேல இருந்தா மலை நிக்கும். கீழே போனா சரியும். நாள் முழுக்க மழை பெய்யும்போது ரெண்டு விஷயம் சேர்ந்து நடக்குது. மண்ணோட எடை ஏறுது. உள்ளே புகுந்த தண்ணி மண் துகள்களைத் தள்ளிப் பிரிக்கிறதால பிடிமானம் குறையுது. மேலே இறங்குது, கீழே ஏறுது... நம்பர் 1-ஐ நெருங்குது.

இதில் மனுஷன் கைவரிசை எங்கே? மூணு இடத்தில். சரிவோட அடியை வெட்டி வீடோ ரோடோ போட்டா, மேலே இருக்கிற மண்ணுக்கு முட்டுக்கொடுத்த கால் போகுது. ஓடையை அடைச்சா, இறங்கிப் போக வேண்டிய தண்ணி மண்ணுக்குள்ளயே தங்குது. மரம் போனா, மண்ணைத் தைச்சு வெச்சிருந்த வேர் போகுது. வ.உ.சி. நகரில் இதில் எது எவ்வளவுன்னு சொல்ல வேண்டியது நிபுணர்கள். ஃபெஞ்சல் மாதிரி மழைக்கு மரம் இருந்தாலும் சில இடம் சரியத்தான் செய்யும். பெரிய பாறையை வேர் பிடிச்சு நிறுத்தாது. ஆனா இந்த மூணும் எந்த மலைக்கும் பொதுவான விதி. சாமி மலைக்கும்தான்.

'அங்கே போய் ஏன் வீடு கட்டினாங்க?'ன்னு சிலர் ரொம்ப ஈஸியா கேட்டாங்க. யோசிங்க. அது ராத்திரியோடு ராத்திரி முளைச்ச குடிசை இல்லை. தெருவுக்கு நம்பர் போட்டு, கரன்ட் கம்பம் நட்ட ஏரியா. கோயிலைச் சுத்தியும் ஆசிரமத்தைச் சுத்தியும் நிலம் விலை ஏற ஏற, பூ கட்டுறவங்களும் ஆட்டோ ஓட்டுறவங்களும் எங்கே போவாங்க? சரிவை நோக்கித்தான். நாம பௌர்ணமிக்கு வந்து போக இந்த ஊர் தர்ற சௌகரியமெல்லாம் அவங்க கை வேலை.

பச்சை திரும்பின கதை

நல்ல செய்தியும் இருக்கு. 1980-களில் இந்த மலை கிட்டத்தட்ட மொட்டை. விறகுக்கு வெட்டி, ஆடு மேய்ச்சு, கோடையில் தீப்பிடிச்சு, வெறும் புல்லும் கல்லுமா கிடந்தது. அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான் மரம் நடுற வேலை சூடு பிடிச்சது. ஊர்க்காரங்க, ஆசிரமங்களுக்கு வந்து இங்கேயே தங்கிட்டவங்க, வனத்துறைன்னு பல கைகள். இப்போ 'தி ஃபாரஸ்ட் வே' மாதிரி அமைப்புகள் உள்ளூர் வகைக் கன்றுகளா வளர்த்து நடுறாங்க. கோடையில் தீ பரவாம இருக்கப் புல்லை அகற்றித் தீத்தடுப்புக் கோடு போடுறாங்க. ஆசிரமத்திலிருந்து கந்தாசிரமம் ஏறும்போது தலைக்கு மேல நிழல் விழுதே, அது சும்மா வந்தது இல்லை. யாரோ குடத்தில் தண்ணி தூக்கிட்டு ஏறியிருக்காங்க.

என்னைக் கேட்டா, அதுவும் ஒரு கும்பாபிஷேகம்தான்.

கிளம்புறீங்களா?

சென்னையிலிருந்து சுமார் 190 கிலோமீட்டர். பஸ் தாராளமா இருக்கு. பாக்கெட் மணி கம்மின்னா, 2024 மே மாசத்திலிருந்து சென்னை பீச் - திருவண்ணாமலை ரயில் ஓடுது. தொடங்கினப்போ டிக்கெட் 50 ரூபாய்தான்! பெரிய கோயிலைக் காலையிலேயே பார்த்துடுங்க, மதியம் நடை சாத்திடுவாங்க. ரமணாசிரமத்துக்குள்ள செல்போனை அமுக்கி வைங்க, கும்பலா அரட்டை வேண்டாம். மலையில் காட்டுக்குள்ள புகுந்து உச்சிக்குப் போறேன்னு சாகசம் பண்ணாதீங்க. அது காப்புக்காடு, அனுமதிச்ச பாதையில் மட்டும் ஏறுங்க. தீப்பெட்டி, சிகரெட் மூச்! ஒரு பொறி போதும், பத்து வருஷ மரம் காலி.

கிரிவலம் போனா எட்டு லிங்கத்தையும் எண்ணிக்கிட்டே போங்க: இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியம். அப்படியே இன்னொண்ணையும் எண்ணுங்க. மலையிலிருந்து இறங்கி ரோட்டைத் தாண்டுற ஓடைகள் எத்தனை? அதில் எத்தனை குப்பை இல்லாம இருக்கு? அன்னதானத் தட்டும் தண்ணி பாட்டிலும் எதில் போய் அடைச்சிருக்கு? ஓடை அடைச்சா என்ன ஆகும்னு இப்போ உங்களுக்குத் தெரியும்.

சிவில் பசங்களுக்கு ஸ்பெஷல் வேண்டுகோள். ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு சீனியரோட ரிப்போர்ட்டை அட்டை மாத்திக் கொடுக்கிறதுக்குப் பதிலா, மலையடிவாரத்தில் ஒரே ஒரு தெருவை எடுத்துக்குங்க. தண்ணி எங்கிருந்து வருது, எங்கே நிக்குது, எங்கே போகணும்னு லெவல் எடுத்து மேப் போடுங்க. அதைத் துறைத்தலைவர் கையெழுத்தோடு மாநகராட்சிக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் ஒரு காப்பி கொடுங்க. என்.எஸ்.எஸ். கேம்ப்புக்கு ஊர் தேடுறவங்க, பிப்ரவரி - மார்ச்சில் இங்கே வந்து கன்றுகளுக்குத் தண்ணி ஊத்தலாம். ஆபத்தான சரிவில் இருக்கிறவங்களுக்கு மாற்று வீடு கேட்கிற குரலில் நம்ம குரலும் சேரலாம். காலி பண்ணுன்னு சொல்றது ஈஸி, எங்கே போகணும்னு சொல்றதுதான் நியாயம்.

மலையே சாமின்னு ரமணர் கோர்ட் கமிஷனிடமே சொன்னார். நம்புறவங்களுக்கு அது போதும். நம்பாதவங்களுக்கு சாயில் மெக்கானிக்ஸ் இருக்கு. ரெண்டு பேரும் வந்து சேர்ற இடம் ஒண்ணுதான்: மலை பத்திரமா இருந்தாத்தான் கோயில், குளம், ஊர், அந்தப் பதினோராவது நிலை, எல்லாமே பத்திரம்.

25 ஏக்கருக்கு மதில் இருக்கு, காவல் இருக்கு, பூட்டு இருக்கு. மிச்சக் கோயிலுக்கு நாமதான் இருக்கோம்!